மேற்குக் கண்ணாடியும் சாயம் போன சோபாவும்: பண்டாரவளைப் பக்க வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

பண்டாரவளைக்கு அருகே ஒரு வீட்டில் தளபாடங்கள் சாயம் போனதையும், அதற்கு என்ன செய்தோம் என்பதையும் பற்றிய பதிவு இது. வீட்டாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் ஊர்ப்பெயரும் வேண்டாம் என்றார்கள். என் தொழில் பொலிஷ் வேலையும் குஷன் வேலையும். சோபாவுக்குத் துணி மாற்றத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். மாற்றுவதற்கு முன் சிலவற்றைக் கேட்க வேண்டியிருந்தது. வேலை அங்கிருந்துதான் பெருகியது.

வீடு

மூன்று பேர் இருக்கிற வீடு. படிப்பித்து ஓய்வுபெற்ற டீச்சர், தேயிலை பேக்டரியில் உத்தியோகம் பார்த்த அவருடைய கணவர், கணவரின் அம்மா. பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது, குளிர் தாங்காது. மகன் வெளிநாட்டில். அவர் அனுப்பிய காசில் பழைய வீட்டை உடைத்துக் கட்டினார்கள். மேற்கே உள்ள பள்ளத்தாக்கும் தேயிலை மலையும் ஹோலில் உட்கார்ந்தபடியே தெரிய வேண்டும் என்பது மகனின் ஆசை. அதனால் ஹோலின் மேற்குச் சுவர் முழுவதும் ஏழடி உயரத்துக்கு அலுமினியச் சட்டத்தில் தள்ளுக் கண்ணாடி வைத்தார்கள். சாதாரண ஒற்றைக் கண்ணாடிதான். கூரை வெளியே மூன்றடி நீட்டியிருந்தது. மழைச்சாரலைக் கணக்கில் வைத்துப் போட்ட அளவு அது.

ஹோலில் இருந்த மூன்று சாமான்கள் இங்கே முக்கியம். முதலாவது, குடிபுகும்போது மொரட்டுவையில் ஓர்டர் கொடுத்துச் செய்த மகோகனி சோபா செட். துணி ஆழ்ந்த சிவப்பு, டீச்சர் தேடி எடுத்தது. அடுத்தது டீச்சரின் அப்பா காலத்துப் பலா மரச் சாப்பாட்டு மேசை. குடிபுகுவதற்கு முன் அதைச் சீவி, மணல்தாள் போட்டு, புதிதாகப் பொலிஷ் அடித்திருந்தார்கள். மூன்றாவது ஒரு தேக்கு அலுமாரி. தேக்கின் மேல் கடும் கபில நிறச் சாயம் ஏற்றி, அதற்கு மேல் வார்னிஷ் போட்டது.

முதலில் சொல்லப்பட்ட காரணங்கள்

குடிபுகுந்து இரண்டு வருடத்துக்குள் சோபாவின் சிவப்பு செங்கல் பொடி நிறத்துக்கு வந்துவிட்டது. அலுமாரியின் ஒரு பக்கம் செம்மஞ்சளாகிவிட்டது. மேசையின் நடுவே நீளமாக ஒரு மஞ்சள் பட்டை விழுந்திருந்தது. நான் போனது பெப்ரவரியில். அதற்குள் வீட்டில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: சோபா விற்ற கடை மட்டமான துணியைத் தலையில் கட்டிவிட்டது, அலுமாரிக்குப் பொலிஷ் போட்ட பாஸ் (மேஸ்திரி) வேலையைச் சரியாகச் செய்யவில்லை, மேசையின் நிறத்தை அதன் மேல் விரித்திருந்த விரிப்பு உறிஞ்சிவிட்டது.

கடைமேல் சந்தேகம் வந்ததற்கு அவர்களிடம் ஒரு சான்றும் இருந்தது. ஹட்டனில் இருக்கிற நாத்தனார் வீட்டிலும் அதே சோபா, அதே சிவப்பு, ஏறக்குறைய அதே நேரத்தில் வாங்கியது. அது இன்னும் புதிதுபோல இருக்கிறதாம். ஒரே துணி என்றால் ஒன்று மட்டும் ஏன் வெளுக்க வேண்டும் என்று டீச்சர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் துணியில் இல்லை, ஊரில் இருந்தது. மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் கொட்டும். பல நாள் பகல் முழுக்க மூட்டமாகவே இருக்கும். அந்த மழை மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரம் தீர்ந்துவிடும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் கச்சான் காற்றும் தெளிந்த வானமும்தான். ஹட்டன் சோபா மழையைப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்களில் இந்தச் சோபா வெயிலில் இருந்தது.

வெயிலைச் சொன்னதும் டீச்சரின் கணவர், ஐயா, ஒப்புக்கொள்ளவில்லை. “தம்பி, இது என்ன மன்னாரா? மத்தியானத்திலயும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு இருக்கோம். இந்த வெயிலா சாயத்த எடுக்கும்?” என்றார். மலையகத்தில் இந்தப் பேச்சை நான் வீட்டுக்கு வீடு கேட்டிருக்கிறேன். சுடவில்லை என்றால் வெயில் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போய்க் குளிரில் நடுங்கிவிட்டு, முகம் கறுத்துத் திரும்புகிறவர்களைப் பார்த்தும் அது மாறுவதில்லை.

மூடிவைத்த மாதங்கள்

என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே அவர்கள் ஒரு வழி பார்த்திருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று, கனமான கர்ட்டினை வாங்கி நவம்பரில் இருந்து பகல் முழுக்க மூடியே வைத்தார்கள். ஊவாவுக்கு அது மழைக்காலம். வடகீழ்ப் பருவமழை ஜனவரி வரை விட்டுவிட்டுப் பெய்யும். வெயில் வருகிற நாளிலும் ஹோல் இருட்டாகவே கிடந்தது. கிறிஸ்மஸ் லீவுக்கு முன்னரே சோபாவின் முதுகுப்பக்கம் பூஞ்சணம் பிடித்தது. அலுமாரியைத் திறந்தால் ஈர வாடை. பாட்டி தன் அறையைவிட்டு வருவதையே நிறுத்திவிட்டார். ஹோலில் பிற்பகல் வெயில்தான் அவருக்குக் கதகதப்பு. தைப்பொங்கலுக்கு வீட்டைத் துடைக்கும்போது கர்ட்டினைக் கழற்றிவிட்டார்கள்.

பிறகு எடுத்த முடிவுகள் எல்லாவற்றுக்கும் அடி இந்த மூன்று மாதம்தான். இந்த வீட்டுக்கு வெயில் வேண்டும். கீழ்நாட்டு வீடுகளுக்குச் சொல்வதுபோல “அடைத்துப் போடுங்கள்” என்று இங்கே சொல்ல முடியாது. வெயில் எந்தப் பொருள்மேல், எந்த நேரத்தில் விழுகிறது என்பதைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

கண்டவை

சோபாவைக் கவிழ்த்து, அடியில் அடித்திருந்த கறுப்புத் துணியைக் கழற்றினேன். உள்ளே மடித்து ஸ்டேப்பிள் அடித்த ஓரத்தில் வாங்கிய அன்றைய சிவப்பு அப்படியே இருந்தது. அதில் ஒரு விரலளவு வெட்டி முதுகுத் துணியின் மேல் வைத்துக் காட்டினேன். டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஓரத்தில் ஓடுகிற பைப்பிங்கில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பென்சில் தடிமன்கூட இல்லாத அந்த உருளையில் கண்ணாடி பார்த்த பாதி வெளுப்பு, மறுபாதி சிவப்பு. நிறம் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. முதுகின் மேல் விளிம்பில் நகத்தால் இழுத்தபோது நூல் பொட்டென்று அறுந்தது. அடியில் இருந்த துணியை எவ்வளவு இழுத்தும் கிழியவில்லை.

அலுமாரிதான் கடையையும் பாஸையும் வழக்கிலிருந்து விடுவித்தது. மேற்கைப் பார்த்த அதன் பக்கப் பலகையில் ஓர் ஆணி. வருடா வருடம் கலண்டர் அதில்தான் தொங்கும். கலண்டரைத் தூக்கிப் பார்த்தால், அது மறைத்த சதுரம் முழுக்கக் கடும் கபிலம், சுற்றிலும் செம்மஞ்சள். ஒரே பலகை, ஒரே பொலிஷ், ஒரே கை. வித்தியாசம் வெளிச்சம் மட்டும். ஆனாலும் பாஸுக்கு முழு விடுதலை கொடுக்க முடியாது. அவர் பயன்படுத்தியது தண்ணீர்போல மரத்துக்குள் இறங்குகிற கரைசல் சாயம். மரத்தின் ரேகையை அழகாகக் காட்டும், ஆனால் வெளிச்சத்தில் சீக்கிரம் போகும். மண்நிறமிகள் கலந்த சாயம் அதைவிட நின்று பிடிக்கும்.

மேசைதான் எல்லோரையும் குழப்பியது. அதில் நடந்தது நேர்மாறு. பலா மரம் புதிதாகச் சீவினால் நல்ல மஞ்சள். வெளிச்சம் பட்டுப் பட்டு செங்கபிலமாகும். பழைய வீடுகளில் நாம் பார்க்கிற பலாக் கதிரைகளின் நிறம் அப்படி வந்ததுதான். மேசையைச் சீவியதில் உள்ளே இருந்த மஞ்சள் வெளியே வந்தது. கையால் பின்னிய விரிப்பு நடுவே கிடந்தது. திறந்திருந்த இடமெல்லாம் இரண்டு வருடத்தில் கறுத்தது, விரிப்பின் கீழ் மட்டும் மஞ்சள் தங்கிவிட்டது. விரிப்பு எதையும் உறிஞ்சவில்லை. அது காப்பாற்றியதுதான் பட்டையாகத் தெரிந்தது.

இதற்கிடையில் ஐயா அலுமாரிக்கு வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தடவினால் நிறம் திரும்பியதுபோல இருக்கிறது என்றார். ஈரம் பட்ட எந்த மரமும் அப்படித்தான் தெரியும். இரண்டு நாளில் பழையபடி ஆகிவிடும், மிச்சமிருப்பது எண்ணெயில் ஒட்டிய தூசு. நிறுத்தச் சொன்னேன்.

இந்த வெயில் ஏன் எடுக்கிறது

பண்டாரவளை கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் ஏறக்குறைய 10 வீதம் கூடும். மேலே காற்று மெலிது, வடிகட்டுவதற்கு ஆள் குறைவு. காற்றின் குளிருக்கும் இதற்கும் தொடர்பில்லை. மெல்லிய மேகம் இருந்தாலும் புறஊதாவின் பெரும்பகுதி இறங்கிவிடும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை தள்ளி. ஏப்ரல் முதல் பாதியிலும், மறுபடி ஆகஸ்ட் கடைசி, செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வரும்.

கண்ணாடி தடுக்காதா என்று ஐயா கேட்டார். பாதி தடுக்கும். தோலைச் சுடுகிற குறுகிய அலைநீளப் பகுதியைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் மறித்துவிடும். அதைவிட நீண்ட அலை கொண்ட புறஊதாப் பகுதி நிறையவே உள்ளே வரும். அதுதான் சாயத்தை உடைக்கிறது, மரத்தின் இழைகளைப் பிடித்துவைக்கிற லிக்னின் என்ற பொருளையும் உடைக்கிறது. அதோடு கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும், குறிப்பாக நீலப் பக்கம், தன் பங்குக்குச் சாயத்தை எடுக்கும். புறஊதாவை மட்டும் நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பின்னால் ஏமாறுவது இதனால்தான்.

அளவு தெரிய ஒரு கணக்கு சொல்கிறேன். வெளிச்சத்தை அளப்பது லக்ஸ் என்ற அலகில். நூதனசாலைகளில் துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் வைப்பதில்லை என்பது வழக்கம். தினமும் பத்து மணிநேரம் என்றால் வருடத்துக்கு 182,500 லக்ஸ் மணி. வெளியே உச்சி வெயில் ஒரு இலட்சம் லக்ஸ் வரை போகும். கண்ணாடி தாண்டிச் சோபாமேல் விழுவதை அதில் பாதி என்று வைத்தாலும், நூதனசாலைத் துணி ஒரு வருடத்தில் வாங்குகிற வெளிச்சத்தை இந்தச் சோபா நாலு மணிநேரம் ஆவதற்குள் வாங்கிவிடும். ஒரு பிற்பகல் போதும். இந்தக் கணக்கை எழுதிக் காட்டியபிறகு ஐயா ஸ்வெட்டர் பேச்சை விட்டுவிட்டார்.

கூரை நீட்டம் ஏன் உதவவில்லை என்பதற்கும் கணக்கு உண்டு. மார்ச் 21 அளவில், மூன்றடி நீட்டம் ஏழடிக் கண்ணாடியை முழுதாக மறைப்பது பகல் ஒன்றே முக்கால் மணி வரைதான். நாலு மணிக்குச் சூரியன் சுமார் 33 பாகை உயரத்துக்கு இறங்கிவிடும். அப்போது கண்ணாடியின் மேல் இரண்டடிக்குத்தான் நிழல். மிச்சத்தின் வழியே வருகிற வெயில் ஏழு, எட்டடி தூரம் தரையில் நீளும், எதிரே நிற்கிற சாமான்மேல் ஏறும். மேற்குக்கு நீட்டம் எவ்வளவு போட்டாலும் சாய்ந்த வெயில் அடியால் நுழைந்துவிடும்.

துணித்துண்டுச் சோதனை

துணிக்கு வெளிச்சம் தாங்கும் தரம் என்று ஓர் எண் உண்டு, 1 முதல் 8 வரை, கூடினால் நல்லது. பண்டாரவளையிலும் பதுளையிலும் கடையில் கேட்டால் முழிப்பார்கள். அதனால் வீட்டையே சோதனைக்கூடமாக்கினோம்.

சோபாவின் அடியிலிருந்து வெட்டிய பழைய சிவப்பும், கடையில் கேட்டு வாங்கிய புதுத் துணி மாதிரிகளும் எடுத்தோம். ஒவ்வொன்றிலும் பாதியைச் சமையலறை அலுமினியத் தாளால் சுற்றி மூடினோம். ஒரு வரிசை வெறும் கண்ணாடியில், ஒரு வரிசை நிறமில்லாத புறஊதாத் தடுப்பு பிலிம் மாதிரித் துண்டுக்குப் பின்னால், ஒரு வரிசை பிலிமும் வெள்ளைத் திரையும் சேர்ந்த இடத்தில், கடைசி வரிசை ஹோலின் உள்சுவரில். பெப்ரவரி கடைசியில் ஒட்டி ஏப்ரல் புத்தாண்டு கழித்து எடுத்தோம். அந்தக் காலத்தில் அங்கே நல்ல வெயில்.

தாளை உரித்ததும் வெறும் கண்ணாடித் துண்டில் நடுவே கோடு கிழித்ததுபோல இரண்டு நிறம். பிலிமுக்குப் பின்னால் இருந்ததில் வித்தியாசம் குறைவு, ஆனால் வெளியே பகல் வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்தது. பிலிமும் திரையும் சேர்ந்த இடத்திலும் உள்சுவரிலும் என் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புதுத் துணிகளில் கடைக்காரர் ‘சாயமே போகாது’ என்று கொடுத்த நீலம் பழைய சிவப்பைவிட மோசம். நூலாக இழுப்பதற்கு முன்பே நிறம் கலந்து செய்த ஒரு செயற்கை இழைத் துணி, மணல் நிறம், வெறும் கண்ணாடியிலும் அசையவில்லை.

அதே சமயம் ஒரு தெளிந்த நாளில் ஐயா மணிக்கொரு தரம் தரையில் வெயில் எங்கே நிற்கிறது என்று சோக்கால் கோடு போட்டார். இதை அவர் மிகவும் ரசித்துச் செய்தார், பேக்டரியில் ஒழுங்காகக் கணக்கு எழுதிய மனிதர். ஆனால் மார்ச் மாதக் கோடு நடுக்கோடு மட்டும்தான். ஜூனில் சூரியன் வடமேற்கே சாய்ந்து இறங்கும், வெயில் ஹோலின் தெற்கு மூலைக்கு ஓடும். டிசம்பரில் தென்மேற்கே இறங்கி வடக்கு மூலைக்கு வரும். அதனால் கோட்டுக்கு இரு பக்கமும் இடம் விட்டுத்தான் சாமான் வைப்பது பற்றிப் பேசினோம்.

எடுத்த முடிவுகள்

கண்ணாடியையே மாற்றுவதுதான் நல்ல வழி. நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி புறஊதாவை ஏறக்குறைய முழுதாக மறித்துவிடும். சட்டத்தோடு மாற்ற வேண்டும், செலவு தாங்காது என்று விட்டோம். பதிலாக நிறமில்லாத பிலிம். கறுப்பு பிலிம்தான் நல்லது என்று ஒட்டுகிறவர் வற்புறுத்தினார். இரண்டு காரணத்தால் வேண்டாம் என்றேன். பாட்டிக்கு வேண்டிய கதகதப்பையும் மகன் கேட்ட காட்சியையும் அது குறைக்கும். மற்றது, வெப்பத்தை உறிஞ்சுகிற பிலிம் ஒட்டிய சாதாரணக் கண்ணாடி, நடுவில் சூடாகிச் சட்டத்துக்குள் இருக்கிற ஓரம் குளிர்ந்தே இருந்தால் வெடிக்க வாய்ப்புண்டு. குளிர் ஊரில், மேற்கு வெயிலில், அந்தப் பரீட்சை எதற்கு?

பிலிம் மட்டும் போதாது என்று துணித்துண்டு சொல்லிவிட்டது. வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடுவது மலிவு, சூட்டையும் வெளியிலேயே நிறுத்தும். ஆனால் கச்சான் காற்றில் ஒரு சீசன் தாங்காது. அடித்து அடித்துக் கண்ணாடியையே உடைத்தாலும் உடைக்கும். அதனால் உள்ளே வெளிறிய நிறத்தில், வெளிச்சம் கசிகிற சுருட்டுத் திரை. காலையில் முழுக்கத் திறப்பது, ஜன்னல்களையும் திறந்து காற்றோட விடுவது, பகல் இரண்டு மணிக்கு இறக்குவது என்று வைத்தோம்.

பாட்டிக்காக ஒரு விதிவிலக்கு. தெற்கு ஓரக் கண்ணாடிக்குத் திரை போடவில்லை. அந்த இடத்தில் ஒரு பழைய பிரம்புக் கதிரை, மேலே துவைத்துப் போடுகிற டவல், அவ்வளவுதான். மூன்று மணிக்குமேல் அது அவருடைய இடம். அந்தப் பக்கம் வெளியே கொடித்தோடைப் பந்தல் போடலாம் என்று யோசனை சொன்னது டீச்சர். இலை அடர்ந்தால் ஜூன் வெயில் உடைந்து வரும், காயும் கிடைக்கும். காட்சி மறையும் என்று ஐயா முணுமுணுத்தார், ஓரத்தில் மட்டும் என்று ஒத்துக்கொண்டார்.

அலுமாரியை உள் நடைக்கு நகர்த்தினோம். அங்கே எந்த மாதமும் வெயில் வராது. பக்கப் பலகையின் வார்னிஷை எடுத்து, நிறமிச் சாயம் ஏற்றி, புறஊதாவை உறிஞ்சும் பொருள் கலந்த, மஞ்சளாகாத வகைப் பொலியூரிதேன் அடித்தேன். சோபாவுக்கு மணல் நிறத் துணி. டீச்சருக்குச் சிவப்பை விட மனமில்லை. கடைசியில் உறை கழற்றக்கூடிய சிறு குஷன்கள் மட்டும் சிவப்பு, இரண்டு செட், மாற்றி மாற்றிப் போட. அவை போகும், போனால் தைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தே எடுத்த முடிவு.

மேசைக்கு நான் சொன்னதைக் கேட்டு டீச்சர் சிரித்துவிட்டார். எல்லாவற்றையும் வெயிலிலிருந்து ஒதுக்கிவிட்டு, மேசையை மட்டும் கண்ணாடிப் பக்கம் தள்ளச் சொன்னேன். விரிப்பை எடுத்துவிட்டு, கறுத்த பகுதிகளைத் தடித்த கபிலத் தாளால் மூடி, மஞ்சள் பட்டையை மட்டும் திறந்து வைத்தோம். அது ஓடிவந்து மற்றதை எட்டிப்பிடிக்கட்டும் என்று. சீவித் திரும்பப் பொலிஷ் போட்டிருந்தால் எனக்குக் கூலி கிடைத்திருக்கும், ஆனால் பலகை ஏற்கனவே ஒருமுறை மெலிந்தது. வெயில் சும்மா செய்கிற வேலைக்கு எதற்குச் சீவுளி?

பிலிமும் திரையும் மே மாதத்துக்குள் போட்டு முடிந்தன. எல்லாம் சேர்த்து ஒரு புது சோபா செட் விலையைத் தாண்டவில்லை.

பிறகு நடந்தவை

மேசைதான் முதலில் பலன் காட்டியது. ஆகஸ்டில் தாளை எடுத்தபோது பட்டை பெரும்பாலும் மறைந்திருந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் விளிம்பு இன்னும் தெரியும், தேடினால்தான். இப்போது விரிப்பு சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும்.

திரை விடயம் எதிர்பார்த்தபடி போகவில்லை. வீட்டில் இருக்கிற நாளில் ஐயா மணி பார்த்து இறக்கிவிடுவார். கல்யாணம், கோயில், கொழும்புப் பயணம் என்று கிளம்பினால் யாருக்கும் நினைவிராது. ஜூலையில் அப்படிச் சில நாள் முழு வெயிலும் உள்ளே அடித்தது. அப்புறம் ஒழுங்கை மாற்றினோம்: வீட்டைப் பூட்டும்போது திரை இறங்கியிருக்க வேண்டும், வந்தபின் திறக்கலாம். சாவிக் கொத்து தொங்குகிற ஆணிக்குப் பக்கத்தில் டீச்சர் ஒரு தாளில் எழுதி ஒட்டினார். அது வேலை செய்கிறது.

அடுத்த நவம்பர் முதல் ஜனவரி வரை பூஞ்சணம் பார்க்கவே இரண்டு தடவை போனேன். சோபாவின் முதுகைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருந்தார்கள், சுத்தமாக இருந்தது. அலுமாரியில் மட்டும் மெல்லிய வாடை. வெயிலே வராத நடைக்கு மாற்றியதன் விலை அது. மழை விட்ட காலைகளில் கதவைத் திறந்து வைக்கிறார்கள், அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை.

ஒரு வருடம் கழித்து, இந்த ஏப்ரலில், சோபாவின் மணல் நிறத்தை மடிப்பின் உட்புறத்தோடு ஒப்பிட்டேன். வித்தியாசம் தெரியவில்லை. சிவப்பு குஷன்களில் கண்ணாடிப் பக்கம் இருந்தவை லேசாக மங்கியிருக்கின்றன. பிலிம் இருந்தும்தான். கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த மகனின் கல்யாணப் படத்தில் முகங்கள் வெளிறிவிட்டதை டீச்சர் காட்டினார். தளபாடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது கணக்கில் வரவில்லை. படத்தைப் பிரதியெடுத்து, அசலை அலுமாரிக்குள் வைத்துவிட்டார்கள். கொடித்தோடை பந்தலில் பாதிதான் ஏறியிருக்கிறது.

வேறு வீட்டில் எப்படிச் செய்வேன்

வரிசையை மாற்றுவேன். கண்ணாடி போட்ட வாரமே பிலிம், அதன்பிறகு சாமான் இறக்குவது. மேற்கில் பெரிய கண்ணாடி வைக்கத்தான் வேண்டும் என்றால் படம் வரைகிற நேரத்திலேயே படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடிக்கு விலை கேட்கச் சொல்வேன். கட்டி முடித்தபின் மாற்றுவதோடு ஒப்பிட்டால் அது மலிவு. அதோடு கூரை நீட்டத்தை நம்பி மேற்குக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பேன். தெற்கு, வடக்கு ஜன்னல்களுக்கு அது நன்றாக வேலை செய்யும், அங்கே நடுப்பகல் வெயில் உயரத்திலிருந்து வருவதால்.

துணி வாங்குகிறவர்கள் கடையில் ஒரு முழத் துண்டு அதிகமாகக் கேட்டு, பாதியைத் தாளில் சுற்றி, தங்கள் வீட்டு ஜன்னலிலேயே ஒன்றரை மாதம் ஒட்டிப் பார்க்கலாம். மிச்சத்தை இருட்டில் எடுத்து வைத்தால் பின்னால் ஒட்டுப்போடவும் உதவும். இப்போது ஓர்டர் எடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுகிறேன். சிலர் பொறுமையில்லாமல் வேறு கடைக்குப் போகிறார்கள், போகட்டும்.

சூரியக் கோட்டை மூன்று தடவை போட வேண்டும்: மார்ச், ஜூன், டிசம்பர். இந்த வீட்டில் மார்ச் மட்டும் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் கணக்கால் ஊகித்தோம், ஹோலைப் பொறுத்தவரை சரியாகவே வந்தது. ஆனால் சாமான்களை மாற்றி அடுக்கியபோது, போன செப்டெம்பரில், டீச்சரின் தையல் மெசின் மேசை வடக்குப் பக்கச் சிறு அறைக்குப் போனது. அந்த அறையில் வெயிலே கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். வருடத்தில் பாதி அது உண்மை. ஏப்ரல் பாதிக்குமேல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், ஜூனில் அந்த ஜன்னலுக்கும் காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் வரும். மேசை முதிரை மரம், மேலே பழைய பொலிஷ். ஐயா அடுத்த மாதம் அங்கேயும் சோக்கால் கோடு போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.